மாமனாரைச் சின்ன விமானத்தில் அழைத்துப் போகிறேன். நடுவானில் அவருக்கு ஏதாவது ஆனால்?

லிவர்மோர்_செந்தில்

எல்லோருக்கும் வணக்கம். பிரைவேட் பைலட் லைசன்ஸ் வாங்கியதிலிருந்து மனைவியோ நண்பர்களோதான் என்னுடன் பறந்திருக்கிறார்கள். இப்போது ஊரிலிருந்து மாமனார் வந்திருக்கிறார். வயது 71. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது நன்றாகவே இருக்கிறார், காலையில் தவறாமல் நடக்கிறார். மாப்பிள்ளை ஓட்டும் விமானத்தில் ஒரு தடவையாவது ஏற வேண்டும் என்று அவருக்கு ஆசை. கலிஃபோர்னியாவிலேயே தெற்கே பேக்கர்ஸ்ஃபீல்டில் சகலை வீடு இருக்கிறது. டிசம்பர் விடுமுறையில் நான், மனைவி, அவர் மூன்று பேரும் லிவர்மோரிலிருந்து நான்கு சீட் உள்ள செஸ்னா 172-இல் அங்கே போய், இரண்டு நாள் தங்கிவிட்டு வரலாம் என்று திட்டம்.

என் கேள்வி இதுதான். லாஸ் பேனோஸ் தாண்டி, ஐ-5 நெடுஞ்சாலைக்குக் கிழக்கே போய்க்கொண்டிருக்கும்போது அவர் நெஞ்சு வலிக்கிறது என்றால் நான் என்ன செய்ய வேண்டும்? காரில் என்றால் ஓரமாக நிறுத்திவிட்டு 911-ஐக் கூப்பிடுவேன். இன்ஜின் நின்றால், தீப்பிடித்தால், ரேடியோ போனால் என்ன செய்வது என்று பயிற்சியில் எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். கூட வருபவர் மயங்கிச் சாய்ந்தால் என்ன செய்வது என்பதற்கு என் செக்லிஸ்ட்டில் ஒரு வரிகூட இல்லை.

பழைய_பறவை (பயிற்றுநர்)

செந்தில், ஏறுவதற்கு முன்பே கேட்டீர்கள், நல்லது.

முதலில் விமானத்தை ஓட்டு, அப்புறம் எங்கே போகிறோம் என்று பார், அதற்குப் பிறகு ரேடியோவில் பேசு. இதைத்தான் முதல் வாரமே சொல்லிக்கொடுப்போம். மருத்துவ அவசரத்திலும் வரிசை மாறாது. ஆனால் இன்ஜின் நிற்கும்போது இந்த வரிசையைப் பிடித்துக்கொள்வது சுலபம், பிரச்சினை விமானத்தில் இருக்கிறது, உங்கள் கவனமும் அங்கேதான் இருக்கும். மனைவியின் அப்பா பின்சீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முனகும்போது உங்கள் தலை பின்னால்தான் திரும்பும். உடம்பு திரும்பினால் யோக்கை, அதாவது விமானத்தின் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கையும் கூடவே இழுக்கும். பகலில், தெளிவான வானத்தில் 172 உங்களை மன்னித்துவிடும். இருட்டிலோ மேகத்துக்கு உள்ளேயோ மன்னிக்காது. இறக்கை சாய்ந்து, மூக்கு கீழே போய், வேகம் ஏறிக்கொண்டிருப்பது நீங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் நடந்திருக்கும். ஆகவே வலி என்ற சொல் காதில் விழுந்ததும் முதல் வேலை: இறக்கையைச் சமமாக்கி, கையை எடுத்தாலும் நேராகப் போகும்படி ட்ரிம் செய்யுங்கள், ஆட்டோபைலட் இருந்தால் போடுங்கள். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

இரண்டாவது, வேகம். த்ராட்டிலை முழுக்கத் தள்ளத்தான் மனம் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் சொன்ன இடத்திலிருந்து ஃப்ரெஸ்னோ விமான நிலையம் சுமார் 37 கடல் மைல். 110 நாட் (மணிக்கு 110 கடல் மைல்) வேகத்தில் 20 நிமிடம். முழு பவர் கொடுத்து 120 நாட் வந்தாலும் பதினெட்டரை நிமிடம். மிச்சம் இரண்டு நிமிடம்கூட இல்லை. அந்தப் பதற்றத்திலேயே உயரமாகவும் வேகமாகவும் ரன்வேக்கு வந்து, இறங்க முடியாமல் ஒரு சுற்று சுற்றினால் ஐந்து நிமிடம் போச்சு. நீங்கள் இறங்கும்போது ஆம்புலன்ஸ் டாக்ஸிவே ஓரத்தில் தயாராக நிற்கிறதா என்பதுதான் நோயாளிக்குக் கிடைக்கும் உண்மையான நேரம். அதை த்ராட்டில் தராது, ரேடியோதான் தரும்.

டாக்டர்_மாலதி

நான் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன், என் கணவர் பைலட். அதனால் இந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் நிறையப் பேசியிருக்கிறோம்.

வானத்தில் வரும் கோளாறுகள் பெரும்பாலும் மாரடைப்பு இல்லை, முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய பயணிகள் விமானங்களிலிருந்து வந்த மருத்துவ அழைப்புகளை ஆராய்ந்து 2013-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு கட்டுரை வந்தது. சராசரியாக 604 விமானப் பயணங்களுக்கு ஒரு அவசரம். அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மயக்கம் அல்லது தலைசுற்றல்தான், மூச்சுத் தொல்லையும் வாந்தியும் அடுத்தடுத்து வரும். சின்ன விமானத்தில் ஆட்டம் அதிகம், வாந்தி இன்னும் சாதாரணம்.

உங்கள் மாமனாரைப் பொறுத்தவரை நான் முதலில் யோசிப்பது தாழ்சர்க்கரை. காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வருவார்கள். ஊரில் எழுதிக்கொடுக்கும் கிளிமெபிரைடு வகை மாத்திரைகள் சாப்பாடு இல்லாவிட்டால் சர்க்கரையை நன்றாகவே இறக்கிவிடும். வியர்வை, கை நடுக்கம், சம்பந்தமில்லாத பேச்சு. சில சமயம் எரிச்சலும் கோபமும் வரும், அதைப் பயம் என்று நினைத்துவிடாதீர்கள். நினைவோடு இருந்தால் பழச்சாறு அரை டம்ளர் அல்லது குளுக்கோஸ் மாத்திரை, 15 கிராம் அளவு. கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. குளுக்கோமீட்டர் கையோடு இருக்கட்டும்.

நெஞ்சு வலி என்றால்: ஆஸ்பிரின் ஒவ்வாமையோ ரத்தக்கசிவுத் தொல்லையோ இல்லாதவருக்கு 325 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, அல்லது 81 மில்லிகிராம் நான்கு. மென்று விழுங்க வேண்டும். நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற மாத்திரையை அவருடைய டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தால் மட்டும், அதுவும் உட்கார்ந்த நிலையில். அது ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும். வாய் கோணுதல், ஒரு கை விழுதல், பேச்சுக் குழறல் என்று பக்கவாத அறிகுறி தெரிந்தால் ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது, மூளையில் அடைப்பா கசிவா என்று ஸ்கேன் பார்க்காமல் சொல்ல முடியாது. அதற்குப் பதிலாகக் கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தை எழுதிவையுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், அந்தக் கணக்கு உங்கள் குறிப்பிலிருந்துதான் தொடங்கும்.

இவை எதையும் செய்யப்போவது நீங்கள் இல்லை, உங்கள் மனைவி. அதனால் இந்தப் பதிவை அவருக்கும் காட்டுங்கள்.

இன்னொன்று. அவர் எப்போது வந்து இறங்கினார்? இந்தியாவிலிருந்து வரும் நீண்ட பயணத்துக்குப் பிறகு சில வாரங்கள்வரை காலில் ரத்தக்கட்டி உருவாகும் அபாயம் கொஞ்சம் கூடுதல். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கியிருந்தாலோ வலித்தாலோ, முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு அப்புறம் பறக்கலாம்.

மீனா_சான்ஹோசே

நான் பைலட் இல்லை. அண்ணனுடன் அடிக்கடி பின்சீட்டில் போகிறவள். டாக்டரம்மா சொன்னது எல்லாம் சரி, ஆனால் அதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது: வலிக்கிறது என்று அவர் சொல்வாரா?

போன கோடையில் எங்கள் பெரியப்பா எங்களோடு வந்தார். கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் கட்டைவிரலால் நெஞ்சுக்குழியை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏர் வென்ட் குளிராக வீசிக்கொண்டிருந்தது, ஆனால் அவர் சட்டைக் காலர் நனைந்திருந்தது. என்ன பெரியப்பா என்று கேட்டால், "காத்தடைக்குதும்மா, இறங்கினா சரியாயிடும், தம்பிகிட்ட சொல்லாதே" என்றார். ஹெட்செட் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு சொன்னார். நான் அண்ணனிடம் சொன்னேன், அண்ணன் உடனே திரும்பினார். அன்றைக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அவர் மைக்கை மூடிய அந்தக் கை என் மனதை விட்டுப் போகவில்லை. நம் பெரியவர்கள் பிள்ளைகளின் சந்தோஷத்தைக் கெடுக்கக் கூடாது என்று வலியை விழுங்குவார்கள். அதோடு இங்கே ஆஸ்பத்திரிச் செலவு எவ்வளவு என்று யாராவது அவர்களிடம் சொல்லிப் பயமுறுத்தியிருப்பார்கள். விசிட்டர் இன்ஷூரன்ஸ் கட்டும், கட்டாது என்று வீட்டில் பேசுவதை எல்லாம் காதில் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அதனால் செந்தில் அண்ணா, ஏறுவதற்கு முன் உங்கள் மனைவி அப்பாவை உட்காரவைத்துத் தெளிவாகச் சொல்லட்டும். "அப்பா, காத்தோ வலியோ, எதுவா இருந்தாலும் உடனே சொல்லணும். சொன்னா பக்கத்துல இறங்கிடலாம், கஷ்டமே இல்ல. சொல்லாம இருந்தாதான் எங்களுக்குக் கஷ்டம்." மாப்பிள்ளை சொன்னால் தலையாட்டுவார். மகள் சொன்னால்தான் கேட்பார்.

டாக்டர்_மாலதி

மீனா எழுதியதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறேன். சர்க்கரைக்காரர்களுக்கு மாரடைப்பு வலியே இல்லாமல்கூட வரும். வெறும் வியர்வை, மூச்சு வாங்குதல், வயிறு உப்பின மாதிரி ஒரு சங்கடம், அவ்வளவுதான். "காஸ்" என்று அவர் சொன்னாலும், 71 வயதில் ஸ்டென்ட் இருப்பவருக்கு அதை நான் இதயம் என்றே எடுத்துக்கொள்வேன். தவறாக இருந்தால் ஒரு மத்தியானம் வீணாகும், அவ்வளவுதானே.

அப்ரோச்_குரல்

ரேடார் அறையில் விமானக் கட்டுப்பாட்டாளராக வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

பைலட்டுகள் வாயில் அவசரம் என்ற வார்த்தை வருவதற்கு ரொம்ப நேரம் ஆகிறது. "கொஞ்சம் பிரச்சினை", "பயணிக்கு உடம்பு சரியில்லை, ஃப்ரெஸ்னோவில் இறங்க விரும்புகிறோம்" என்று சுற்றி வளைக்கிறார்கள். அப்புறம் எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) கேள்வி கேட்குமோ, கட்டுக்கட்டாகப் படிவம் நிரப்பணுமோ என்ற பயம். விதி 91.3 என்ன சொல்கிறது? விமானத்தின் மேல் இறுதி அதிகாரம் பைலட்டுக்கு. அவசரத்தில் அதைச் சமாளிக்கத் தேவையான அளவுக்கு எந்த விதியையும் மீறலாம். அப்படி மீறியதைப் பற்றி அவர்கள் கேட்டால் மட்டும் எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும். ஒரு பயணிக்கு நெஞ்சு வலி என்று இறங்கிய பைலட்டைக் குடைவதற்கு யாரும் காத்திருப்பதில்லை.

கிளம்பும்போதே ஃப்ளைட் ஃபாலோயிங், அதாவது வழி நெடுக ரேடாரில் உங்களைக் கவனிக்கும் சேவையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்படி இருந்தால் நீங்கள் வாயைத் திறக்கும்போதே நீங்கள் யார், எங்கே, எந்த உயரம் என்று எங்களுக்குத் தெரியும். இல்லாவிட்டால் அவசர அலைவரிசையான 121.5-இல் கூப்பிட்டு, உங்களை ரேடாரில் அடையாளம் காட்டும் ட்ரான்ஸ்பான்டரில் அவசர எண் 7700 போடுங்கள். சொல்ல வேண்டியது ரொம்பக் குறைவு: அவசரம் அறிவிக்கிறேன், பயணி ஆண், 71 வயது, நெஞ்சு வலி, நினைவோடு இருக்கிறார், மூச்சு இருக்கிறது, ஃப்ரெஸ்னோவுக்கு நேராகப் போக வேண்டும், ஆம்புலன்ஸ் வேண்டும். விமானத்தில் எத்தனை பேர், எரிபொருள் எத்தனை மணி நேரத்துக்கு இருக்கிறது என்று நாங்கள் கேட்போம். மற்ற தொலைபேசி வேலை எல்லாம் எங்களுடையது. டவருக்கு, தீயணைப்பு நிலையத்துக்கு, ஆம்புலன்ஸுக்கு. பயணியின் நிலை மாறினால் சொல்லுங்கள், அதே சேதி கீழே காத்திருப்பவர்களுக்குப் போகும். நாங்கள் கேட்டதற்குப் பதில் சொல்ல நேரமில்லை என்றால் "ஸ்டாண்ட் பை" சொல்லிவிட்டு ஓட்டுங்கள், ஒருவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இறங்கிய பிறகு கவனம் தேவைப்படும் இடம் ஒன்று இருக்கிறது. ரன்வேயை விட்டு வெளியே வந்ததும் நிறுத்தி, இன்ஜினை அணையுங்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் நோயாளியைப் பார்த்து ஓடிவருவார்கள். அவர்களில் பலர் சின்ன விமானத்துக்குப் பக்கத்தில் வந்ததே இருக்காது, சுற்றுகிற புரொப்பல்லர் கண்ணுக்கும் தெரியாது. உங்கள் மனைவியும் பதற்றத்தில் கதவைத் திறந்து முன்பக்கமாக ஓடிவிடக் கூடாது. பின்பக்கமாகத்தான் இறங்க வேண்டும் என்று முன்பே சொல்லிவையுங்கள்.

டல்லஸ்_பிரபு

பழைய பறவை சாரும் அப்ரோச் குரலும் ஃப்ரெஸ்னோ, ஃப்ரெஸ்னோ என்கிறீர்கள். எனக்கு ஒப்பவில்லை. மேப்பைப் பார்த்தேன். செந்தில் சொன்ன இடத்திலிருந்து மென்டோட்டா ஓடுதளம் 12 கடல் மைல்தான். ஏழு நிமிடத்தில் தரையில் இருக்கலாம். நெஞ்சு வலிக்காரரை வைத்துக்கொண்டு இன்னொரு 13 நிமிடம் வானத்தில் ஏன் சுற்ற வேண்டும்? அவசரம் என்றால் பக்கத்தில் இறங்கு என்றுதானே எல்லாப் புத்தகமும் சொல்கிறது?

பழைய_பறவை (பயிற்றுநர்)

பிரபு, இன்ஜின் கோளாறு என்றால் நீங்கள் சொல்வதுதான் சரி, அப்போது விமானத்துக்குத் தேவை ரன்வே. இங்கே நோயாளிக்குத் தேவை ரன்வே இல்லை, ஈசிஜி எடுக்கத் தெரிந்த ஆள். மென்டோட்டாவில் டவர் கிடையாது. ஏழு நிமிடத்தில் இறங்கி, வெறிச்சோடிய தளத்தில் நின்றுகொண்டு ஆம்புலன்ஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருக்க நேரலாம். வந்த ஆம்புலன்ஸும் அங்கிருந்து மறுபடி பெரிய ஊருக்குத்தான் ஓட வேண்டும். ஃப்ரெஸ்னோவில் ஒன்பதாயிரம் அடிக்கு மேல் நீளமுள்ள ரன்வே, டவர், விமான நிலையத்துக்கு உள்ளேயே தீயணைப்பு வீரர்கள். நகரத்தில் பெரிய ஆஸ்பத்திரிகள். 20 நிமிடம் அவகாசம் கொடுத்தால் ஆம்புலன்ஸ் உங்களுக்கு முன்பே நிற்கும்.

அப்ரோச்_குரல்

மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது, லெமோர் கடற்படை விமானத் தளம். அந்த இடத்திலிருந்து சுமார் 27 கடல் மைல், அதாவது 15 நிமிடம். சாதாரண நாளில் அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது, அவசரத்தில் போகலாம். காற்று, பனி, எதிரே வரும் போர்விமானங்கள் என்று அன்றைய நிலைமையைப் பார்த்து எது நல்லது என்பதைக் கட்டுப்பாட்டாளரிடமே கேளுங்கள். "நோயாளிக்கு எது சீக்கிரம்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், தொலைபேசியைக் கையில் வைத்திருப்பவர் அவர்.

டாக்டர்_மாலதி

பிரபு சொல்வதையும் ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். என் கோடு இங்கே இருக்கிறது: பேசிக்கொண்டிருக்கிறவர், மூச்சு விடுகிறவர் என்றால் ஃப்ரெஸ்னோ. நினைவும் இல்லை, மூச்சும் இல்லை என்றால் பக்கத்தில் எது இருக்கிறதோ அது, மென்டோட்டாவே ஆனாலும். இதயம் நின்ற பிறகு அழுத்தமும் மின் அதிர்ச்சியும் கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 சதவீதம் போய்விடும் என்பது நாங்கள் வைத்திருக்கும் கணக்கு. அந்தக் கணக்கில் 13 நிமிடம் என்பது எல்லாமே.

நெஞ்சை அழுத்தும் சிபிஆர் முதலுதவியை 172 பின்சீட்டில் செய்ய முடியுமா என்று யாராவது கேட்பீர்கள். உருப்படியாகச் செய்ய முடியாது. நெஞ்சு ஐந்து சென்டிமீட்டர் அமுங்க வேண்டும், அதற்கு அடியில் கெட்டியான தளம் வேண்டும், மேலே நின்று எடையைப் போட இடம் வேண்டும். மூன்றுமே அங்கே இல்லை. பக்கத்தில் இருப்பவர் முயற்சி செய்யலாம், செய்யாமல் இருப்பதைவிட நல்லது. பைலட் மட்டும் அந்தப் பக்கம் திரும்பவே கூடாது. தரையில் இறங்கி, வெளியே இழுத்துப் படுக்கவைத்து, அங்கே தொடங்குங்கள். கையடக்க ஏஇடி (மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் ஏற்றிக்கொண்டு போவது நல்லது. சின்னத் தனியார் விமானத்தில் முதலுதவிப் பெட்டிகூட இருந்தே ஆக வேண்டும் என்று அமெரிக்க விதி கேட்பதில்லை, நாமே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

லிவர்மோர்_செந்தில்

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு யோசிக்க இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. அவர் எங்கே உட்கார வேண்டும்? முன்சீட்டில் என் பக்கத்தில் உட்காரத்தான் ஆசைப்படுகிறார். எனக்கும் கண்பார்வையில் இருப்பார் என்று தோன்றியது.

பழைய_பறவை (பயிற்றுநர்)

ஆசை புரிகிறது. ஆனால் முன்சீட்டில் ஒருவர் நினைவிழந்தால் முன்னால்தான் சரிவார். அவர் மார்பு யோக்கின் மேல் விழும், கால் விறைத்தால் விமானத்தின் வால் சுக்கானைத் திருப்பும் ரட்டர் பெடலை மிதிக்கும். 75 கிலோ உடம்பை ஒரு கையால் தள்ளிக்கொண்டே விமானம் ஓட்ட முடியாது. அப்படி ஆகிவிட்டால் செய்ய வேண்டியது: பின்னால் இருப்பவர் அவருடைய தோள்பட்டியைப் பிடித்து இழுத்து, சாய்ந்த நிலையில் பிடித்துக்கொள்ள வேண்டும். சீட்டைப் பின்னுக்குத் தள்ள முடிந்தால் காலும் பெடலை விட்டு விலகும்.

மாமனார் பின்சீட்டில் வலது பக்கம், மகள் அவர் பக்கத்தில். அதுதான் என் யோசனை. 172-இல் இரண்டு பக்கமும் கதவு உண்டு, வலது முன்சீட்டை முன்னுக்குத் தள்ளினால் அவரை அந்த வழியாக இறக்கலாம். மூன்று பேர்தானே போகிறீர்கள், முன்சீட் காலியாகவே இருக்கட்டும், பையை வைத்து பெல்ட் போட்டுக் கட்டுங்கள். பின்னால் இரண்டு பேர் என்பதால் எடையும் அது எங்கே இருக்கிறது என்பதும் சரியா என்று பார்க்கும் வெயிட் அண்டு பேலன்ஸ் கணக்கை மட்டும் மறக்காமல் போட்டுப் பாருங்கள்.

பைப்பர் செரோக்கி வாடகைக்கு எடுப்பவர்கள் இதைக் கூடுதலாக யோசியுங்கள். அதில் கதவு ஒன்றே ஒன்றுதான், வலது பக்கம் இறக்கைக்கு மேல். வலது முன்சீட்டில் ஒருவர் நினைவில்லாமல் கிடந்தால் விமானத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் வழி அடைபட்டுவிடும்.

ஒஷாவா_கஜன்

வணக்கம், கனடாவிலிருந்து. டிசம்பரில் போகிறீர்கள் என்பதால் ஒன்றைச் சொல்ல வேணும். எங்கட பக்கம் குளிர்காலத்தில் ஹீட்டர் போடாமல் பறக்க ஏலாது. இந்தச் சின்ன விமானங்களில் சூடு எங்கிருந்து வருகுது? இன்ஜின் புகைக்குழாயைச் சுற்றி ஓடுகிற காற்றுத்தான் கேபினுக்குள் வருகுது. அந்தக் குழாயில் மயிரளவு வெடிப்பு இருந்தால் கார்பன் மோனாக்சைடும் கூடவே வரும். மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலையிடி, வாந்தி வாற மாதிரி, நித்திரை தூங்கும். பெரியவருக்கு உடம்பு சரியில்லை என்று எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டு இருப்பீர்கள். ஆனால் பைலட்டுக்கும் அதே தலையிடி தொடங்கியிருக்கும். இதய நோயாளிக்கு அது மற்றவர்களைவிட முந்தியே அடிக்கும்.

கால்பந்து வீரர் எமிலியானோ சாலா 2019 ஜனவரி 21 அன்று நான்ட்ஸிலிருந்து கார்டிஃபுக்குப் போன பைப்பர் மாலிபு கடலில் விழுந்தது நினைவிருக்கும். அவருடைய ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபின் 58 சதவீதம் என்று பிரிட்டிஷ் விசாரணை சொன்னது. அமெரிக்காவில் 1982 முதல் 2020 வரை இதனால் 31 விபத்து, 42 பேர் சாவு என்று விபத்துகளை விசாரிக்கிற என்டிஎஸ்பி 2022-இல் கணக்குச் சொல்லி, இந்த வாயுவைக் கண்டுபிடிக்கிற டிடெக்டர் கட்டாயம் வேணும் என்று கேட்டது.

இந்த வாயு பட்டால் நிறம் மாறுகிற அந்த ஒட்டு அட்டைப் புள்ளியை நம்பாதையுங்கோ. கொஞ்ச மாதத்தில் பழுதாகிவிடும், நிறம் மாறினாலும் நீங்கள் பார்த்தால்தானே தெரியும். சத்தம் போடுகிற எலக்ட்ரானிக் டிடெக்டர் ஒன்று வாங்குங்கோ. ஒரே நேரத்தில் ரெண்டு பேருக்குச் சரியில்லை என்றால் ஹீட்டரை மூடி, வென்ட் எல்லாம் திறந்து, உடனே இறங்கப் பாருங்கோ.

டாக்டர்_மாலதி

கஜன் சொன்னதோடு சேர்த்து: விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இந்த விஷயத்தில் பொய் சொல்லும். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அது ஆக்சிஜன் ஏறியதாகவே எண்ணிவிடும். 98 காட்டுகிறதே என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

உயரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 8,000 அடியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். நமக்குத் தெரியாது, பழுதுபட்ட இதயத்துக்குத் தெரியும். பைலட்டுக்கு ஆக்சிஜன் வேண்டும் என்று சட்டம் சொல்லத் தொடங்குவதே 12,500 அடிக்கு மேல்தான், அந்த எண்ணை ஸ்டென்ட் வைத்தவருக்கு அளவுகோலாக எடுக்காதீர்கள். எவ்வளவு தாழ்வாகப் போக முடியுமோ அவ்வளவு நல்லது.

பழைய_பறவை (பயிற்றுநர்)

தென்கிழக்கே போவதால் 5,500 அல்லது 7,500 அடி. நீங்கள் கடக்கும் கலிஃபோர்னியா நடுப் பள்ளத்தாக்கின் தரை கடல் மட்டத்துக்கு மேல் சில நூறு அடிதான், 5,500 தாராளம். மத்தியானச் சூட்டில் ஆட்டம் இருக்கும் என்ற கவலையும் டிசம்பரில் அவ்வளவு இல்லை.

டல்லஸ்_பிரபு

நான் மறுபடி மேப்பை எடுத்தேன். ஏன் நேர்கோட்டில் போக வேண்டும்? லிவர்மோரிலிருந்து பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு நேராகப் போனால் சுமார் 190 கடல் மைல். மொடெஸ்டோ, மெர்சட் பக்கமாக நெடுஞ்சாலை 99-ஐ ஒட்டி ஃப்ரெஸ்னோவுக்குப் போய், அங்கிருந்து தெற்கே திரும்பினால் 200 சொச்சம். ஐந்தாறு நிமிடம்தான் கூட. ஆனால் வழி நெடுக ஊர், ஊருக்கு ஒரு விமான நிலையம், ஆஸ்பத்திரி. மென்டோட்டாவா ஃப்ரெஸ்னோவா என்ற கேள்வியே வராது.

அப்ரோச்_குரல்

அருமை பிரபு, இதை யாராவது முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஃப்ரெஸ்னோ கிளாஸ் சி வான்வெளி, உள்ளே போவதென்றால் அவர்களோடு பேசித்தான் ஆக வேண்டும். ஃப்ளைட் ஃபாலோயிங் வைத்திருக்கப் போகிறீர்கள், அதனால் அதுவும் கூடுதல் வேலை இல்லை.

மீனா_சான்ஹோசே

இன்னொரு கேள்வியும் யாரும் கேட்கவில்லை. உடம்புக்கு ஆவது மாமனாருக்குத்தான் என்று என்ன நிச்சயம்? செந்தில் அண்ணாவுக்கே ஏதாவது ஆனால்?

பழைய_பறவை (பயிற்றுநர்)

சரியான கேள்வி. 2022 மே மாதம் பஹாமாஸிலிருந்து ஃப்ளோரிடாவுக்கு வந்த செஸ்னா காரவானில் பைலட் நினைவிழந்துவிட்டார். விமானம் ஓட்டத் தெரியாத ஒரு பயணி, கட்டுப்பாட்டாளர் சொல்லச் சொல்லக் கேட்டு பாம் பீச்சில் பத்திரமாக இறக்கினார். ரேடியோவில் பேச முடிந்தது அவருக்குக் கைகொடுத்தது. செந்தில், உங்கள் மனைவி முன்சீட்டில் வராவிட்டாலும், வீட்டிலேயே ஒரு மாலை உட்கார்ந்து நான்கு விஷயத்தைக் காட்டுங்கள்: பேசும் பொத்தான், ஆட்டோபைலட் பொத்தான், 121.5 வைப்பது எப்படி, 7700 போடுவது எப்படி. பைலட்டோடு பறக்கும் குடும்பத்தினருக்கென்றே ஏஓபிஏ என்ற பைலட்டுகள் சங்கம் 'பின்ச் ஹிட்டர்' என்று ஒரு பாடம் வைத்திருக்கிறது. அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

லிவர்மோர்_செந்தில்

இதெல்லாம் பேசி முடிவு செய்துவிட்டோம். வழி 99-ஐ ஒட்டி, 5,500 அடி. அவர் பின்சீட்டில் வலது பக்கம், மகள் பக்கத்தில். காலையில் இட்லி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் கிளம்புவோம். மாத்திரை, குளுக்கோமீட்டர், பழச்சாறு எல்லாம் மனைவி மடியில் இருக்கும் பையில், பின்னால் லக்கேஜில் இல்லை. அவர் வந்து இரண்டு மாதம் ஆகிறது, கால் வீக்கம் எதுவும் இல்லை. அவருடைய இதய டாக்டரிடமும் வீடியோ காலில் பேசிவிட்டோம், போகலாம் என்றார். டிடெக்டர் ஆர்டர் போட்டாயிற்று. மீனா சொன்னதை என் மனைவி அவரிடம் அப்படியே சொன்னாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, போன மாதம் மாடிப்படி ஏறும்போது ஒருமுறை நெஞ்சு இறுக்கமாக இருந்தது என்றார். எங்களிடம் சொல்லவே இல்லை.

டாக்டர்_மாலதி

செந்தில், அப்படியானால் இப்போதைக்குப் பயணத்தை நிறுத்திவையுங்கள். ஸ்டென்ட் வைத்தவருக்குப் படி ஏறும்போது இறுக்கம் என்பது புதிதாக வந்த அறிகுறி. அவருடைய டாக்டர் போகலாம் என்றது இது தெரியாமல். இந்த வாரமே இங்கே ஒரு இதய மருத்துவரிடம் காட்டி, ஈசிஜியும் தேவைப்பட்டால் ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டும் எடுங்கள். இதற்கு நடுவில் உட்கார்ந்திருக்கும்போதே இறுக்கம் வந்தாலோ, அடிக்கடி வந்தாலோ காத்திருக்க வேண்டாம், உடனே 911.

லிவர்மோர்_செந்தில்

வியாழக்கிழமைக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைத்திருக்கிறது டாக்டர். டிசம்பர் பயணத்தை ரத்து செய்துவிட்டேன். சகலை குடும்பம் காரில் இங்கே வருகிறது. டாக்டர் சரி என்றால் அவர் ஊருக்குத் திரும்புவதற்குள் மார்ச்சில் பார்க்கலாம்.

பழைய_பறவை (பயிற்றுநர்)

மார்ச் இன்னும் நல்லது. டிசம்பர், ஜனவரியில் அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க டூலி மூடுபனி இறங்கினால் ஃப்ரெஸ்னோவும் இல்லை, மென்டோட்டாவும் இல்லை, பேக்கர்ஸ்ஃபீல்டும் இல்லை. ஒரே நேரத்தில் எல்லா ரன்வேயும் மூடிக்கொள்ளும். போகும்போது திரும்பிவர இரண்டு நாள் தாமதமானாலும் போதுமான அளவு மாத்திரை கையில் இருக்கட்டும். கிளம்புவதற்கு முந்தின வாரம் எனக்கு எழுதுங்கள், நாம் இரண்டு பேரும் ஒருமுறை அதே வழியில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.